தலபுராணத்தையும் படியுங்கள், அ-பதிவேட்டையும் படியுங்கள்

கேள்வி: நானும் கணவரும் தாம்பரம் பக்கம் வேலை பார்க்கிறோம். ஏழு வயதில் ஒரு பெண் இருக்கிறாள். மதுரையிலிருந்து மாமியாரும் எங்களோடு வந்து தங்கப்போகிறார். வீடு வாங்க மூன்று இடங்கள் பார்த்து வைத்திருக்கிறோம்: திருநீர்மலையில் தரைத்தளத்தில் ஓர் அடுக்குமாடி வீடு, மாடம்பாக்கம் சிவன் கோயிலுக்கு அருகில் ஒரு காலி மனை, குரோம்பேட்டையில் ஒரு பழைய தனி வீடு. மூன்று தரகர்களுமே "சரித்திரப் புகழ் பெற்ற ஊர்" என்கிறார்கள். அந்தச் சரித்திரத்தால் எங்களுக்கு என்ன பயன்? எதைப் பார்த்து முடிவெடுப்பது?

பதில்: தரகர்கள் சொன்னது உண்மைதான். பல்லாவரத்திலிருந்து தாம்பரம் வரையுள்ள இந்தப் பகுதிக்கு இருக்கும் பழமை, சென்னை நகரத்துக்கே கிடையாது. 1863 மே 30ஆம் தேதி ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதை உலகம் அறிந்தது அந்தக் கல்லால்தான். அதே பல்லாவரத்து மலையில் மகேந்திரவர்மப் பல்லவன் குடைந்த குடைவரை இருக்கிறது. இன்று அது தர்காவாக வழிபாட்டில் உள்ளது. பக்கத்துப் பரங்கிமலையை ஒட்டிய சமவெளியில்தான் 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் என்ற நில அளவையாளர் தன் அடிக்கோட்டை, அதாவது மற்ற அளவுகளுக்கெல்லாம் அடிப்படையான முதல் நேர்கோட்டை, அளக்கத் தொடங்கினார். இந்தியத் துணைக்கண்டத்தையே முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரும்பணிக்கு அதுவே தொடக்கம்.

நீங்கள் கேட்பது இதனால் என்ன பயன் என்று. முப்பது ஆண்டுகளாக வீடு, மனைகளுக்கு மதிப்பீடு செய்து வருகிறேன். ஓர் ஊரின் பெயரையும் பழங்கதையையும் தெரிந்துகொள்ளாமல் பத்திரத்தை மட்டும் புரட்டினால் பாதி உண்மைதான் தெரியும் என்பது என் அனுபவம். நீங்கள் சொன்ன மூன்று இடங்களுமே இதற்கு நல்ல சாட்சி.

திருநீர்மலையிலிருந்து தொடங்குகிறேன். நூற்றெட்டுத் திவ்வியதேசங்களுள் ஒன்று. பூதத்தாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய தலம். திருமங்கையாழ்வார் இங்கு வந்தபோது மலையைச் சுற்றி வெள்ளம் சூழ்ந்திருந்ததாம். ஆறு மாதம் எதிரே தங்கியிருந்து, நீர் வடிந்த பிறகே மலையேறிச் சேவித்தார் என்கிறது தலபுராணம். பக்தர்கள் இதை ஆழ்வாரின் பொறுமைக்குச் சொல்வார்கள். எனக்கும் அந்தக் கதையில் பக்தி உண்டு. ஆனால் வீடு வாங்க வருகிறவரிடம் நான் முதலில் சொல்வது, நீர் எங்கே நிற்கும் என்பதை நம் முன்னோர் ஊர்ப்பெயரிலேயே எழுதி வைத்துவிட்டார்கள் என்பதைத்தான்.

இன்றைய நில அமைப்பும் அந்தக் கதையோடு ஒத்துப்போகிறது. ஆதனூர்ப் பக்கத்திலிருந்து வரும் அடையாறும் செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீரும் திருநீர்மலை அருகேதான் ஒன்றுசேர்கின்றன. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டபோது ஆற்றங்கரை ஊர்கள் என்ன பாடுபட்டன என்பதை நாடே பார்த்தது. விமான நிலையமே நாள்கணக்கில் மூடிக் கிடந்தது. ஏரி உடைந்தால்தான் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். அந்த ஆண்டு ஏரி நீர் வந்து சேராத மேற்பகுதியான முடிச்சூர், வரதராஜபுரத்திலும் அடையாற்று நீரே வீடுகளுக்குள் புகுந்தது.

அந்த வெள்ளத்துக்குச் சில மாதங்கள் கழித்து முடிச்சூர்ப் பக்கம் ஒரு வீட்டை மதிப்பிடப் போயிருந்தேன். சுவர்களுக்குப் புது வண்ணம் அடித்துப் பளிச்சென்று வைத்திருந்தார்கள். சமையலறையில் எரிவாயு உருளை வைக்கும் மேடைக்கு அடியில் கைவிளக்கை அடித்துப் பார்த்தேன். அங்கே மட்டும் தூரிகை எட்டவில்லை. காய்ந்த சேறு நேர்கோடாக, என் இடுப்பளவுக்கு நின்றது. அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் கூடத்துச் சுவரைப் பார்ப்பதற்கு முன்னால் மாடிப்படிக்கு அடியிலும், மின்மானிப் பெட்டிக்குப் பின்னாலும், மதிற்சுவரின் வெளிப்புறத்திலும் பார்க்கிறேன். நீங்களும் பாருங்கள். தரகரைக் கேட்பதைவிடப் பக்கத்துத் தெரு மளிகைக்கடைக்காரரையோ பால் போடுகிறவரையோ கேளுங்கள். "2015இல் எந்தப் படி வரை வந்தது?" என்று கேட்டால் அவர்கள் சரியாகச் சொல்வார்கள். "தண்ணீர் வந்ததா?" என்று பொதுவாகக் கேட்டால் "இங்கெல்லாம் வராது" என்ற பதில்தான் வரும்.

திருநீர்மலை முழுவதும் பள்ளம் என்று நான் சொல்லவில்லை. மேட்டுத் தெருக்கள் உண்டு. உங்கள் அடுக்குமாடிக் கட்டடம் எந்தப் புல எண்ணில் (சர்வே எண்) இருக்கிறது என்பதுதான் கேள்வி. அரசின் இணையச் சேவையில் பட்டா, சிட்டாவோடு, நிலத்தைப் பற்றிய வருவாய்த் துறைப் பதிவேடான அ-பதிவேட்டையும் பார்க்கலாம். அதில் நன்செய், புன்செய், புறம்போக்கு என்ற வகைப்பாடு இருக்கும். அந்த எண்ணையும் சுற்றியுள்ள எண்களையும் சேர்த்துப் பாருங்கள். உங்கள் எண்ணுக்கு எதிரே ஏரி, தாங்கல், ஓடை, வாய்க்கால், களம் என்று இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பக்கத்து எண்ணில் வாய்க்கால் இருந்து, நேரில் போனால் அங்கே தார்ச்சாலை இருக்கிறதென்றால், மழைநீர் தன் பழைய வழியைத் தேடி உங்கள் வாசலுக்குத்தான் வரும். இன்றைய பதிவேடு மட்டும் போதாது. 1980களில் நிலப்பதிவுகளைப் புதுப்பிக்க நடந்த யூ.டி.ஆர். திட்டத்துக்கு முந்தைய நிலப்பதிவேட்டையும் வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுப்போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். வகைப்பாடு இடையில் மாறியிருந்தால் அங்கே தெரிந்துவிடும். 2025 மே மாதம் பக்கத்து அனகாபுத்தூரில் ஆற்றங்கரை வீடுகள் ஆக்கிரமிப்பு என்று இடிக்கப்பட்டன. பல ஆண்டுகள் அங்கே குடியிருந்தவர்கள் தெருவில் நின்றதைப் பார்க்க மனம் பதறியது. மின் இணைப்பும் வரி ரசீதும் உரிமைப் பத்திரம் ஆகிவிடாது.

அடுத்து மாடம்பாக்கம். அந்தத் தேனுபுரீசுவரர் கோயிலை நான் எத்தனை முறை பார்த்தாலும் சலிப்பதில்லை. சோழர் காலத்துக் கோயில். கருவறை விமானம் தூங்கானை மாடம். அதாவது, பின்னால் இருந்து பார்த்தால் ஆனை படுத்திருப்பதுபோல் வளைந்து முடியும். அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய இடம். இவ்வளவு அருமையான கோயில் என்பதால்தான் அது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. உங்கள் மனைக்குச் சிக்கல் வரக்கூடிய இடமும் அதுவே.

மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள எந்தச் சின்னத்தைச் சுற்றியும் 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டடம் கட்டக் கூடாது. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டருக்கு, அதாவது மொத்தம் 300 மீட்டர் வரை, தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தின் தடையில்லாச் சான்று பெற்றே கட்டலாம். 2010இல் திருத்தப்பட்ட சட்டம் இது. தூரத்தைக் கோபுரத்திலிருந்து அளப்பதில்லை, பாதுகாக்கப்பட்ட பகுதியின் எல்லையிலிருந்து அளக்கிறார்கள். "கோயிலிலிருந்து கூப்பிடு தூரம்" என்று தரகர் பெருமையாகச் சொன்னால் நீங்கள் நாடாவை எடுத்துக்கொண்டு போக வேண்டும். மனையை வாங்க, விற்கத் தடை இல்லை. அதனால் பதிவு நல்லபடியாக நடந்துவிடும், வில்லங்கச் சான்றிலும் ஒன்றும் வராது. கட்ட அனுமதி கேட்கும்போதுதான் கதவு மூடும். ஜமீன் பல்லாவரத்தில் பெருங்கற்காலச் சின்னங்களைச் சுற்றி இப்படித் தெரியாமல் மனை வாங்கிவிட்டுத் திண்டாடிய குடும்பங்கள் உண்டு. சட்டத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது இல்லையென்றால் இந்தக் கோயில்களை ஒட்டி நாலு மாடி எழும்பியிருக்கும். ஆனால் விற்கிறவர் இதைச் சொல்லாமல் விற்பது பெரும் பாவம். எனவே கட்டுவதற்கான காலி மனை என்றால், தொல்லியல் துறையின் சென்னை வட்ட அலுவலகத்தில் உங்கள் புல எண்ணைச் சொல்லி எழுத்தில் பதில் வாங்குங்கள். அது வரும் வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது, குரோம்பேட்டை. ஊர்ப்பெயருக்கு வேர் குரோம் தோல். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே வந்த குரோம் லெதர் தொழிற்சாலைதான் பேட்டைக்குப் பெயர் கொடுத்தது. குரோமிய உப்பால் தோல் பதனிடும் முறை அது. மேற்கே நாகல்கேணியில் தோல் பதனிடும் கூடங்கள் பெருகின. பல பத்தாண்டுகள் கழிவுநீர் மண்ணில் இறங்கி, அந்தப் பக்கத்து நிலத்தடி நீர் கெட்டது. பொதுச் சுத்திகரிப்பு நிலையம் பிறகுதான் வந்தது. ஆகவே இங்கே ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைச் சோதிப்பது முதல் வேலை. வீட்டுக் குழாயை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலில் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுங்கள். உப்புத்தன்மை, கடினத்தன்மையோடு குரோமியத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்காவிட்டால் அதைப் பார்க்க மாட்டார்கள். வீடு நாகல்கேணிக்கு எதிர்த்திசையில், ரயில் பாதைக்குக் கிழக்கே இருந்தால் கவலை குறைவு. ஆனாலும் சோதியுங்கள்.

இந்த ஊரின் இன்னொரு முகத்தையும் சொல்லிவிடுகிறேன். 1949இல் சி.ராஜம் என்ற தொழிலதிபர் தன் பெரிய வீட்டை விற்று, அந்தப் பணத்தில் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. கல்லூரியைத் தொடங்கினார். அப்துல் கலாம் படித்தது அங்கேதான். வீடு வாங்கப் போகும் நேரத்தில் இதைக் கேட்க உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

குடும்பத்தாருக்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் 1931 முதல் ஓடுகிறது. குரோம்பேட்டையில் ஏறினால் மகளை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு மாறாமல் அழைத்துப் போகலாம். பல்லாவரத்தில் கிடைத்த சுடுமண் ஈமப்பேழையை அங்கே காட்டுங்கள். தன் ஊர் எவ்வளவு பழையது என்று அவளுக்குப் புரிந்துவிடும். வண்டலூர் பூங்கா 602 ஹெக்டேர், ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். மாமியாருக்கு மூட்டுவலி இருந்தால் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது.

என் தேர்வு குரோம்பேட்டை வீடு, தண்ணீரும் தாய்ப்பத்திரமும் சரியாக இருந்தால். பழைய வீட்டுக்கு அங்கீகரிக்கப்பட்ட வரைபடமும் முப்பது ஆண்டு வில்லங்கமும் கேட்டு வாங்குங்கள். மாடம்பாக்கம் மனை 300 மீட்டருக்கு வெளியே என்று எழுத்தில் வந்தால் அதையும் யோசிக்கலாம். திருநீர்மலையில் தரைத்தளம் வேண்டாம். மேல்தளம் கிடைத்தாலும், ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருமுறை அந்தத் தெருவில் நடந்து பார்த்துவிட்டுத்தான் பேசுங்கள்.

குரோம்பேட்டையிலிருந்து திருநீர்மலை பக்கம்தான், எந்தச் சனிக்கிழமையும் போய்வரலாம். நின்றான், இருந்தான், கிடந்தான், நடந்தான் என்று பெருமாள் நான்கு கோலத்திலும் இருக்கும் தலம். இருந்த, கிடந்த, நடந்த கோலங்கள் மூன்றும் மலைமேல். மாமியாரால் படியேற முடியாவிட்டால் பரவாயில்லை, நீர்வண்ணர் அடிவாரத்திலேயே நிற்கிறார்.