அதிகாரத்தைக் கேலி செய்யும் அபத்த நாடகம் என்றால் என்ன? அது தொலைக்காட்சிப் படமானால் என்ன மாறும்?

நடைமுறைக்கு ஒவ்வாத நிகழ்ச்சிகளாலும் தடம்புரண்ட பேச்சாலும் உண்மையைக் காட்டுவது அபத்த நாடகம். அரியணையின் கம்பீரம் நாம் அதை நம்பும்வரைதான் நிற்கும் என்பதால், அதிகாரத்தைப் பேச இவ்வடிவம் மிகவும் பொருந்துகிறது.

வட ஆர்க்காட்டுக்காரர்களுக்கு இது புதிதன்று. செய்யாற்றுப் பக்கத்துத் தெருக்கூத்தில், இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் கட்டைக் கிரீடமும் புஜக்கட்டையும் அணிந்த துரியோதனன் முழங்கிப் பாட, கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் “யாரய்யா நீ?” என்று கேட்டுவிடுகிறான், அரசனோ தன் பெருமையைத் தானே சொல்லி நிலைநாட்ட வேண்டியதாகிறது.

பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்ஃபிரட் ழாரியின் ‘உபு ராஜா’, இவ்வகைக்கு முன்னோடி. 1896இல் பாரிஸில் அது அரங்கேறியபோது, முதல் சொல்லே வசைச்சொல்லாக இருந்ததால் பெருங்கூச்சல் எழுந்தது. போலந்து அரசனைக் கொன்று பட்டமேறும் உபு, பிரபுக்களையும் கொன்று சொத்தைப் பறித்து, வரி வசூலிக்கத் தானே குடியானவர் வீட்டு வாசலுக்குப் போகிறான். அரசன் வேறு, கொள்ளையன் வேறு என்ற கோடு அந்த வாசலில் அழிந்துபோவதுதான் என்னை மிகவும் உலுக்கும் இடம்.

இதை 1965இல் ழான்-கிறிஸ்தோஃப் அவெர்ட்டி பிரெஞ்சுத் தொலைக்காட்சிக்குப் படமாக்கினார். மேடையில் கூட்டத்தின் சிரிப்பு துணைநிற்கும். வீட்டில் அது இல்லை. அவர் நிஜ அரண்மனையைத் தேடாமல், மின்னணு உத்திகளால் நடிகர்களை வரைந்த கோடுகளுக்கு நடுவே நிறுத்தினார். அதுவே சரியான முடிவு. உண்மையான தூண்களைக் காட்டியிருந்தால் உபுவுக்கு இல்லாத மதிப்பு வந்திருக்கும்.

அபத்தம் என்றாலே பொருளற்றது என்று பலர் எண்ணுகிறார்கள். இங்கே பொருளற்றிருப்பது உபுவின் ஆட்சியே தவிர, நாடகமன்று.