ஓரம் அலையடிக்கும் குவில்ட்டுக்கு

உங்கள் குவில்ட்டைத் (உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த ஒட்டுத்துணிப் போர்வை) தொங்கவிட்டால் ஓரம் அலையடிக்கிறது, கண்காட்சிக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நடுவில் அரை அங்குல இடைவெளியில் தையல், பார்டரில் ஒன்றுமே இல்லை, சிக்கல் அங்கேதான். தையல் நெருங்க நெருங்கத் துணி உள்ளிழுக்கும். நடு சுருங்கிவிட்டது, பார்டர் சுருங்காமல் மிஞ்சி நிற்கிறது. இஸ்திரி போட்டால் ஒரு நாள் தாங்கும், அவ்வளவுதான்.

முதலில் நடுவில் குறுக்காக அளந்து பாருங்கள், பிறகு மேல், கீழ் ஓரங்களை அளங்கள். நடு 59 அங்குலம், ஓரம் 60½ என்று வந்தால் பைண்டிங்கை, அதாவது ஓரத்தை மூடித் தைத்த பட்டியை, பிரித்துவிடுவதே நல்லது. ஓரத்திலிருந்து கால் அங்குலத்துக்குள் நீளத்தையல் ஓட்டி, நூலை மெல்ல இழுத்து 59-க்குக் கொண்டுவாருங்கள். பார்டரிலும் நடுவில் உள்ள அதே நெருக்கத்தில் தைத்த பிறகு மறுபடி பைண்டிங் போடுங்கள்.

அடுத்தது நனைத்துச் சதுரமாக்குவது. அதற்கு முன் ஈர வெள்ளைத் துணியைச் சிவப்புத் துண்டுகள்மேல் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் நனைக்கவே வேண்டாம். ஒட்டாவிட்டால் நனைத்து, ஃபோம் பாய்மேல் விரித்து, இரண்டு மூலைவிட்டமும் சமமாகும்வரை இழுத்து, இரண்டு அங்குலத்துக்கு ஒரு ஊசி குத்துங்கள். நம் சிங்கப்பூர் எச்டிபி அடுக்குமாடி வீட்டில் துணி காயப்போடும் மூங்கில் கழியில் மட்டும் போட்டுவிடாதீர்கள், ஈரப் பாரத்தில் மறுபடி கோணும். நம் ஊர் ஈரக்காற்றில் உள்பஞ்சு காயாமல் பூஞ்சை வாடை பிடிக்கும். ஏர்கானை டிரை மோடில் வைத்து, காற்றாடியையும் ஓடவிடுங்கள்.

தொங்கவிடும் கம்பியை நுழைக்கும் பின்புறக் குழாய்த்துணி 4 அங்குலமா? அதன் சுவரைப் பார்க்கும் பக்கத்தில் கொஞ்சம் தொய்வு விட்டுத் தையுங்கள். இல்லையென்றால் கம்பியின் புடைப்பு முன்பக்கம் தெரியும்.