வாசக்கதவு மாத்தப் போறீங்களா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா வணக்கம். நாங்க சிங்கப்பூர் யீஷுன்ல 1988ல கட்டுன ஃபோர் ரூம் வீட்ல இருக்கோம். வாசக்கதவு அடியில ஊதிப்போயி தரையில உரசுது, தோள வச்சு முட்டுனாத்தான் சாத்துது. ஆன்லைன்ல 850 வெள்ளின்னு (சிங்கப்பூர் டாலர்) விளம்பரம் பாத்து கூப்பிட்டோம், வந்து அளந்துட்டு 1,635 வெள்ளின்னு கொட்டேஷன் குடுத்துட்டாங்க. கதவு 850, பழச எடுத்துட்டுப் போக 60, டிஜிட்டல் லாக் 520, கதவைத் தானா சாத்துற டோர் குளோசர் 70, அது போக ஜிஎஸ்டி. வீட்டுக்காரர் இது ஏமாத்து வேலைங்கறாரு, எனக்கு தீபாவளிக்குள்ள மாத்தியாகணும். என்ன செய்யலாம்?

பதில்: டெபாசிட் இன்னும் குடுக்கலல்ல? அப்ப குடுக்காதீங்க, முதல்ல ஒரு விஷயம் விசாரிங்க. உங்க புளோக்குக்கு எச்ஐபி நடந்துருச்சா? எச்டிபி, அதாவது அரசாங்க வீடமைப்புக் கழகம், 2007ல ஆரம்பிச்ச வீடு மேம்பாட்டுத் திட்டம் தான் அது, 1986 வரைக்கும் கட்டுன வீடுகளுக்குத்தான் முதல்ல இருந்துச்சு, 1997 வரைக்கும் கட்டுனதுக்கும் உண்டுன்னு 2018ல அறிவிச்சாங்க, அதனால உங்க வீடும் அந்தக் கணக்குல வருது. அதுல பாத்ரூம் மாதிரியே வாசக்கதவும் இரும்பு கேட்டும் வேணும்னா எடுத்துக்கலாம், வேணாம்னா விட்டுடலாம். சிங்கப்பூர் குடிமக்களா இருந்தா ஃபோர் ரூமுக்கு நீங்க கட்ட வேண்டியது 7.5 சதவீதம் தான், மிச்சம் அரசாங்கம் பாத்துக்கும். ஆனா புளோக்ல இருக்குற குடிமக்கள் குடும்பங்கள்ல 75 சதவீதம் பேர் சரின்னு ஓட்டு போடணும், அப்புறம்தான் வேலை, இதெல்லாம் தீபாவளிக்குள்ள நடக்குற காரியம் இல்ல. ஏற்கனவே நடந்து முடிஞ்சிருந்தா பேச்சே இல்ல, நீங்களே மாத்த வேண்டியதுதான். வரப்போகுதுன்னு தெரிஞ்சா மட்டும் கொஞ்சம் பல்லைக் கடிச்சிட்டு இருங்க, அது வரைக்கும் தச்சரக் கூப்பிட்டு அடியில சீவிக்கலாம். ஒண்ணு மட்டும் கவனிங்க, அது ஃபயர் ரேட்டட் கதவா, அதாவது தீயைத் தாங்கும்னு சான்று வாங்குன கதவா இருந்தா சீவக் கூடாது, கீழ இடைவெளி கூடிட்டா புகை உள்ள வரும்.

ஃபயர் ரேட்டட்டான்னு எப்படித் தெரியும்னா, கதவோட ஓரத்துல சான்று லேபிள் இருக்கான்னு பாருங்க, பெயிண்ட் அடிச்சு அடிச்சு அது மறைஞ்சும் போயிருக்கும். லிஃப்ட் பக்கத்துலயோ மாடிப்படி பக்கத்துலயோ வீடு இருந்தா அநேகமா அரை மணி நேரம் தீயைத் தாங்குற கதவு தான் இருக்கணும், பழசு அப்படின்னா புதுசும் அப்படியே. சந்தேகம்னா எச்டிபி கிளைக்கு ஒரு ஃபோன் போட்டு கேட்டுட்டு அப்புறம் கடைக்காரர்கிட்ட பேசுங்க, ஏன்னா அவருக்கு விக்கணும், உங்களுக்கு அதுல குடியிருக்கணும்.

இப்ப கொட்டேஷனுக்கு வருவோம். உங்க வீட்டுக்காரர் சொல்றதுல பாதி சரி. நாலையும் கூட்டுனா 1,500, அதுக்கு 9 சதவீதம் ஜிஎஸ்டி 135, மொத்தம் 1,635, கணக்கு சரிதான். ஆனா ஜிஎஸ்டி பதிவு பண்ணுன கடை பொதுமக்களுக்கு விலை காட்டும்போது வரியைச் சேத்துத்தான் காட்டணும்னு வரித்துறையான ஐராஸோட விதி இருக்கு, 850னு போட்டுட்டு பின்னாடி வரி ஏத்துறது தப்பு. பதிவே பண்ணாத கடைன்னா ஜிஎஸ்டி வாங்கவே கூடாது, கொட்டேஷன்ல பதிவு எண் இருக்கான்னு பாருங்க, ஐராஸ் இணையதளத்துல தேடியும் பாத்துக்கலாம். இத நீங்க சொன்ன உடனேயே விலை கொஞ்சம் இறங்குனாலும் இறங்கும்.

அடுத்தது அந்த 520 வெள்ளி லாக். கதவு உரசுதுன்னு தான கூப்பிட்டீங்க, பூட்டுல என்ன குறை? வேணும்னா வாங்குங்க, அது உங்க இஷ்டம், ஆனா அது கதவு செலவு இல்ல, ஆசைச் செலவு. அத எடுத்துட்டா வரியோட சேத்து 566 வெள்ளி 80 காசு குறையும். டோர் குளோசர்ல மட்டும் கை வைக்காதீங்க, ஃபயர் கதவுன்னா அது தானா சாத்திக்கணும். மிச்சமாகுற காசுல கொஞ்சத்த நல்ல கீல்ல போடுங்க, இந்தக் கதவுங்க செம கனம், மட்டமான கீல் போட்டா சீக்கிரமே தொங்கி மறுபடியும் தரையில உரசும். மேல் பூச்சுக்கு வெனீர்ங்கற மெல்லிசு மரத்தகடு வேணாம், காரிடார்ல சாரல் அடிக்கிற வீடுன்னா லேமினேட் போதும். மாப் போடும்போது வாசல்ல தண்ணிய ஊத்தி விடாம இருந்தா இன்னும் நல்லது, பழைய கதவு ஊதுனதுக்கு அநேகமா அதுதான் காரணம்.

நிலையும் சேத்து மாத்துறாங்களா, கதவு மட்டுமான்னு எழுத்துல வாங்கிக்கங்க. நிலைய ஒடச்சு எடுத்தா சத்தம் வரும், அந்த மாதிரி வேலை வாரநாள்ல காலை 9ல இருந்து சாயங்காலம் 5 மணிக்குள்ள தான் செய்யலாம், சனிக்கிழமையே கிடையாது. தீபாவளிக்கு முந்தின நாள் வந்து போட்டுத் தரேன்னு சொல்றவர நம்பாதீங்க.

கேள்வி: எங்களோடது எச்டிபிகிட்ட முன்பதிவு பண்ணிக் கட்டி வாங்குன புது பிடிஓ வீடு. கதவுல தோரணம் மாட்ட ரெண்டு ஆணி அடிச்சா என்ன ஆயிடும்? மாமியார் விடமாட்டேங்குறாங்க, அடிச்சே ஆகணுமாம்.

பதில்: உங்களோடது ஃபயர் கதவா இருந்தா, ஓட்டை போட்டா அதோட சான்று செல்லாமப் போகலாம். தோரணத்த வெளி கேட்ல கட்டுங்க, இல்ல நிலைக்கு மேல சுவத்துல ஒட்டுற கொக்கி போடுங்க. டிஜிட்டல் லாக் மாட்டுறப்பவும் இதே கதைதான், அந்தக் கதவுக்கு ஏத்த லாக்கான்னு கேட்டுட்டு வேலை தெரிஞ்சவங்க கையால லாக்குக்கு ஓட்டை வெட்டச் சொல்லுங்க. மாமியார்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லிக்கங்க.

கேள்வி: அப்பாவுக்கு காரைக்குடி பழைய தேக்குக் கதவு மேல உயிரு. கப்பல்ல கொண்டாந்து எங்க ஃபைவ் ரூம் வீட்டு வாசல்ல மாட்டலாம்ங்கறாரு. முடியுமா?

பதில்: ஆசை நல்ல ஆசைதான் தம்பி. ஆனா அந்தக் கதவெல்லாம் கீல்ல இல்ல, மேலயும் கீழயும் நீட்டிக்கிட்டு இருக்குற குடுமிங்கற முளையில சுத்துறது, அதுக்குன்னு செஞ்ச நிலையும் வாசப்படியும் கூடவே வந்தாத்தான் நிக்கும். நம்ம வாசல் அளவுக்கு அது சேராது, சேக்கணும்னு அறுத்தா பழைய வேலைப்பாடு போயிடும். தீ சான்றும் கிடையாது, அதனால உங்க வாசலுக்கு ஃபயர் கதவு வேணும்னு இருந்தா கதை அங்கயே முடிஞ்சது. ஷெல்டர் ரூம், அதாவது வீட்டுக்குள்ள இருக்குற பாதுகாப்பு அறையோட இரும்புக் கதவ எடுத்துட்டு இத மாட்டலாமான்னு அடுத்து கேப்பாரு, அதத் தொடவே கூடாது.

பூஜை ரூமுக்கு மாட்டலாம். பெரிய வாசக்கதவு வேணாம், அந்த ஊர்ல பழைய சாமான் கடைங்கள்ல சின்ன ரெட்டைக் கதவு, ஜன்னல் கதவெல்லாம் கிடைக்கும், நிலையோட சேத்தே வாங்குங்க. கிளம்புறதுக்கு முன்னாடி பூஜை இடத்தோட உயரம், அகலம், சுவர் கனம் மூணையும் அளந்துக்கங்க, உங்க லிஃப்ட் உள்ள எவ்வளவு உயரம்னும் ஒரு தடவ டேப்ப வச்சுப் பாத்துக்கங்க.