கைக்குத் தெரிய வேண்டும்

அன்புள்ள ஐயா,

வீட்டு ஸ்விட்ச் போர்டுகளைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். எந்த ஸ்விட்ச் எந்த விளக்குக்கு என்று தெரியாமல் வரிசையாகத் தட்டிப் பார்க்கும் அவஸ்தை எங்கள் வீட்டிலும் உண்டு. என் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். “இதுக்கெல்லாமா ஒருத்தர் உட்கார்ந்து எழுதுவார்?” என்றார். எனக்குச் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை.

எங்களோடு அம்மா இருக்கிறார். சர்க்கரையால் பார்வை நன்றாகவே மங்கிவிட்டது. ஆனாலும் காலைக் காபி அவர்தான் போடுவார், விட்டுக்கொடுக்க மாட்டார். போன வருடம் அண்ணன் ஆசையாக ஓர் இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கிக் கொடுத்தார். மேலே முழுக்க வழுவழுவென்று இருக்கிறது. பொத்தான் என்று எதுவும் கைக்குத் தட்டுப்படாது. படம் போட்ட இடத்தைத் தொட வேண்டும். அம்மா கொஞ்ச நாள் முயன்றார். இப்போது அந்தப் பக்கமே போவதில்லை. “எனக்கு வயசாயிடுச்சும்மா” என்கிறார். கேட்கவே கஷ்டமாக இருக்கிறது.

இரண்டு கேள்விகள். இந்தச் சின்னச் சின்ன எரிச்சல்களை இவ்வளவு பொருட்படுத்த வேண்டுமா? அப்புறம், பழைய பொருள்தான் நன்றாக இருந்தது என்று தோன்றுவது வெறும் பழக்கத்தால்தானா?

அன்புடன்,
சு., ஈரோடு

*

அன்புள்ள சு.,

உங்கள் அம்மாவின் வயது இதற்குக் காரணமே இல்லை. முதலில் அதை அவரிடம் சொல்லிவிடுங்கள். அந்த அடுப்பைச் செய்தவர்கள் கண்ணை மட்டும் நம்பிச் செய்திருக்கிறார்கள்.

பழைய கேஸ் அடுப்பின் குமிழைப் பாருங்கள். பெரும்பாலான அடுப்புகளில் அதை அழுத்திக்கொண்டே இடப்பக்கம் திருப்ப வேண்டும். கால் சுற்றில் முழுத் தீ. இன்னும் திருப்பினால் சிம். மூடிய நிலையிலிருந்து நேராகச் சின்னத் தீக்குப் போக முடியாதபடி வைத்திருக்கிறார்கள். பற்றவைக்கும் நேரத்தில் வாயு தாராளமாக வர வேண்டும் அல்லவா? குமிழின் நடுவே ஒரு மேடு இருக்கும். அது எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதை வைத்தே தீயின் அளவைக் கை சொல்லிவிடும். வாயுவின் சீறலும் கூடவே சொல்லும். பார்வை நன்றாக இருந்த காலத்திலும் உங்கள் அம்மா அடுப்பைக் கையாலும் காதாலும்தான் நடத்தியிருப்பார். கண் பாலின் மேல் இருந்திருக்கும்.

தொடு பலகை வந்ததற்கும் நியாயமான காரணங்கள் உண்டு. பால் பொங்கி வழிந்தால் உள்ளே இறங்க இடுக்கு இல்லை. ஒரு துடைப்பில் சுத்தமாகிவிடும். திருகித் திருகித் தேய ஒன்றும் இல்லை. இதையெல்லாம் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் விரல் தடவிக் கண்டுபிடிக்க நாலு சின்னப் புள்ளிகளை எழுப்பி வைத்தால் இந்த வசதிகளில் எது கெட்டுப்போகும்? எதுவும் இல்லை. செய்யவில்லை, அவ்வளவுதான்.

நீங்களே செய்துவிடலாம். கல் வைத்த ஸ்டிக்கர் பொட்டு வாங்குங்கள். ஆன் செய்யும் இடத்துக்கு நேர் கீழே ஒன்று, சூட்டைக் கூட்டும் இடத்துக்குக் கீழே இரண்டு, குறைக்கும் இடத்துக்குக் கீழே மூன்று. தொட வேண்டிய இடத்தின் மேலேயே ஒட்டாதீர்கள். பலகையைத் தடவும்போதே அடுப்பு அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும், அதுதான் தொடு பலகையில் பெரிய தொல்லை. பொட்டு கீழே இருந்தால், விரல் முதலில் அதைக் கண்டுபிடித்து, பிறகு ஓர் அங்குலம் மேலே போய்த் தொடும். பாத்திரம் வைக்கும் வட்டத்திலிருந்து நன்றாகத் தள்ளி ஒட்டுங்கள்.

இப்படிப்பட்ட புள்ளி ஒன்றும் புதிதில்லை. பட்டன் போன் காலத்தில் 5 என்ற எண்ணின் மேல் சின்னதாக ஒரு மேடு இருக்கும். ஏடிஎம் பொத்தான்களில் இன்றும் இருக்கிறது. நடுவில் இருக்கும் 5 கிடைத்துவிட்டால் மற்ற எண்கள் எல்லாம் தானாகக் கிடைத்துவிடும். கணினியில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு எஃப், ஜே எழுத்துகளில் இதே வேலையைச் சிறு கோடுகள் செய்கின்றன. பொத்தானே இல்லாத, முழுக்கத் தொடுதிரையான கார்டு இயந்திரத்தைச் சில கடைகளில் இப்போது நீட்டுகிறார்கள். ரகசிய எண்ணை அதில் போட வேண்டும் என்றால் பார்வையற்றவர் என்ன செய்வார்? கடைக்காரரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதுதான். உங்களுக்கும் எனக்கும் அது ஒரு நொடி எரிச்சல், அவருக்குப் பணத்தின் பூட்டையே திறந்து கொடுப்பது.

உங்கள் கணவரின் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. பணத்தை வைத்தே இன்னும் கொஞ்சம் சொல்கிறேன்.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் புழங்கிய பைசாக்கள் உங்கள் அம்மாவுக்கு நினைவிருக்கும். அஞ்சு பைசா மூலை மழுங்கிய சதுரம். பத்து பைசாவுக்குப் பூவிதழ் போல வளைந்து வளைந்து போகும் விளிம்பு. மூன்று பைசாவும், பிறகு வந்த இருபது பைசாவும் அறுகோணம். மடியில் முடிந்த சில்லறையை இருட்டில் எடுத்து எண்ணிக் கொடுத்துவிடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அந்தக் காசுகளில் ஏமாந்ததில்லை. பள்ளிக்கூடம் போகாத கைக்கும் புரியும்படி ஓர் அரசாங்கக் காசைச் செய்வதை நான் கலை என்றுதான் சொல்வேன். அதன் முகத்தில் இருக்கும் சித்திரத்தைவிட விளிம்புதான் எனக்குப் பெரிய வேலையாகத் தெரிகிறது.

இப்போது நோட்டுக்கு வருவோம். 2016-க்கு முன்பிருந்த நோட்டுகளில் 100 ரூபாயின் நீளம் 157 மில்லிமீட்டர், 500 ரூபாய் 167, 1000 ரூபாய் 177. ஒவ்வொரு படிக்கும் ஒரு சென்டிமீட்டர். பார்வையற்றவர்கள் நோட்டை விரல்களில் மடித்து வைத்து, நுனி எதுவரை வருகிறது என்று பார்த்தே மதிப்பைச் சொல்லிவிடுவார்கள். புது வரிசையில் 100 ரூபாய் 142 மில்லிமீட்டர், 200 ரூபாய் 146, 500 ரூபாய் 150. மூன்றுக்கும் உயரம் ஒன்றே, 66 மில்லிமீட்டர். ஆக, 100 ரூபாய்க்கும் 200 ரூபாய்க்கும் நடுவே இருப்பது 4 மில்லிமீட்டர்தான். ஓர் அளவுகோலை எடுத்து அந்த 4 மில்லிமீட்டரைப் பாருங்கள். ஓரம் கொஞ்சம் மடங்கியிருந்தால் அதுவும் போய்விடும்.

சென்னை மின்சார ரயிலில் கார்டு கவர், ஊக்கு, கடலை மிட்டாய் விற்கும் பார்வையற்றவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஓடுகிற வண்டி, நெரிசல், ஒரு தோளில் பை, ஒரு கையில் கம்பி. மிச்சமிருக்கும் ஒரே கையின் கட்டைவிரலால் அவர்கள் நோட்டின் ஓரத்தைத் தடவுவதைக் கவனித்துப் பாருங்கள். அந்த விரலுக்குத்தான் இந்த 4 மில்லிமீட்டர்.

ரிசர்வ் வங்கி எதுவுமே செய்யவில்லை என்று சொன்னால் தவறு. 2015-லேயே நோட்டின் இரு ஓரங்களிலும் தடவினால் தெரிகிற சாய்கோடுகளைக் கொண்டுவந்தார்கள். இப்போது 100 ரூபாயில் நாலு கோடு, 500 ரூபாயில் ஐந்து கோடு, 200 ரூபாயில் நாலு கோட்டுக்கு நடுவே இரண்டு வட்டங்கள். 100 ரூபாயில் மேடான முக்கோணமும் 500 ரூபாயில் மேடான வட்டமும் உண்டு. 2020 ஜனவரியில், கேமரா வழியாக நோட்டைப் பார்த்து மதிப்பை வாய்விட்டுச் சொல்லும் ‘மணி’ என்ற செயலியையும் வெளியிட்டார்கள். எல்லாமே நல்ல எண்ணத்தோடு செய்தவை.

ஆனால் நம் ஊரில் நோட்டு படும் பாடு இருக்கிறதே! மீன் கடையில் நனைகிறது, சுருக்குப்பையில் கசங்குகிறது, சட்டைப் பையில் வியர்வையில் ஊறுகிறது. நாலைந்து மாதத்தில் அந்த மேடு எவ்வளவு மிஞ்சும்? வங்கியிலிருந்து வந்த புது நோட்டில் கோடு விரலுக்குத் தெரியும், பழசில் தேட வேண்டியிருக்கும். நீளம் மட்டும்தான் அழுக்கானாலும் நனைந்தாலும் மாறாது. தேயாத ஒரே அடையாளத்தைக் குறைத்துவிட்டு, தேய்ந்துபோகும் அடையாளங்களைக் கூட்டியிருக்கிறார்கள். இதில்தான் எனக்குக் கோபம். ஓடுகிற ரயிலில் ஒவ்வொரு நோட்டுக்கும் போனை எடுத்துக் கேமராவைக் காட்டு என்று ஒரு வியாபாரியிடம் சொல்ல முடியுமா?

அந்த 2016 நவம்பரை நினைத்துப் பாருங்கள். புது நோட்டின் அளவு ஏடிஎம்களின் பணத் தட்டுகளுக்குப் பொருந்தவில்லை. நாடு முழுக்க ஆட்கள் போய் ஒவ்வொரு இயந்திரமாகத் திறந்து திருத்தினார்கள். விரல்களைத் திருத்திக் கொடுக்க யாரும் வரவில்லை. பார்வையற்றோருக்கான தேசிய சங்கம் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது.

வேறு விதமாகச் செய்ய முடியாதா என்றால், செய்திருக்கிறார்கள். யூரோ நோட்டில் 5-இன் உயரம் 62 மில்லிமீட்டர், 10-க்கு 67, 20-க்கு 72, 50-க்கு 77. நீளமும் கூடவே வளரும். வடிவமைக்கும்போதே பார்வையற்றோர் அமைப்புகளைக் கேட்டுச் செய்தார்கள். அமெரிக்காவில் இதற்கு நேர்மாறு, எல்லா டாலர் நோட்டும் ஒரே அளவு. அங்கே பார்வையற்றோர் அமைப்பு ஒன்று வழக்குத் தொடுத்து, 2008-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அது பாகுபாடுதான் என்று சொன்னது. ஸ்விட்ச் போர்டில் நாம் படும் எரிச்சலும் இதுவும் ஒரே குடும்பம்தான். நம் வீட்டில் அது தப்பான விளக்கு எரிவதோடு முடிந்துவிடுகிறது.

சரி, இரண்டாவது கேள்வி. பழசு என்பதால் எனக்கு எதுவும் பிடிப்பதில்லை. 2019-இல் வந்த நாணய வரிசை பார்வையற்றவர்களை மனதில் வைத்தே செய்யப்பட்டது. 1, 2, 5, 10, 20 என்று மதிப்பு கூடக் கூட எடையும் கூடும், 10 ரூபாய் வரை அளவும் கூடும். 20 ரூபாய்க்குப் பன்னிரண்டு பக்கங்கள். நல்ல வேலை. பழைய நாணயங்களும் கூடவே கலந்து புழங்குவதால் அதன் முழுப் பலன் இன்னும் கைக்கு வரவில்லை.

சமீபத்தில் வந்தவற்றில் எனக்கு ரொம்பப் பிடித்தது கடைகளில் பணம் வந்ததும் சொல்லும் சவுண்ட் பாக்ஸ். ஒரு பஜ்ஜிக் கடையில் சாயங்காலம் ஆறு மணிக்கு நின்று பாருங்கள். கடைக்காரரின் ஒரு கையில் கடலை மாவு, இன்னொரு கையில் ஜல்லிக் கரண்டி, முன்னால் பத்துப் பேர். அவரால் போனை எடுத்துப் பார்க்க முடியாது. முன்பெல்லாம் வாங்குகிறவர் தன் திரையைக் காட்டுவார், அதில் போலிப் படத்தைக் காட்டி ஏமாற்றியவர்களும் உண்டு. இப்போது பெட்டி தமிழில் “நாற்பது ரூபாய் பெறப்பட்டது” என்கிறது. அவர் தலையைக்கூடத் திருப்புவதில்லை, அடுத்த வாழைக்காயைப் போடுகிறார். பெட்டிக்குள்ளேயே சிம் இருப்பதால் அவருடைய போன் வீட்டில் இருந்தாலும் கவலை இல்லை. கை ஓயாதவருக்கென்று செய்த அதே பொருள், பார்வையில்லாத வியாபாரிக்கும் அப்படியே பொருந்திப் போகிறது. இதைச் செய்தவர்கள் கடைக்குள் போய் நின்று பார்த்திருக்க வேண்டும்.

நல்ல யோசனை வந்து சேர்ந்தும் வீணாவதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. நடைபாதையில் பதிக்கும் மஞ்சள் ஓடுகளைக் கவனித்திருக்கிறீர்களா? நீளக் கோடு இருந்தால் நடக்கலாம், புள்ளி வந்தால் நிற்க வேண்டும். காலுக்கும் கைத்தடிக்கும் புரியும் மொழி. ஜப்பானில் செய்இச்சி மியாகே 1965-இல் இதை உருவாக்கினார், 1967-இல் ஒகயாமா நகரில் பார்வையற்றோர் பள்ளி அருகே முதன்முதலில் பதித்தார்கள். இன்று உலகம் முழுக்க இருக்கிறது. நான் தினமும் நடக்கும் சாலையிலும் பதித்தார்கள். கோடு நேராகப் போய் ஒரு மின்பெட்டியில் முட்டுகிறது. அதைச் சுற்றி மறுபக்கத்திலிருந்து மறுபடியும் ஆரம்பிக்கிறது. நடுவில் ஒரு புள்ளி ஓடுகூட இல்லை. பதித்தவர்களுக்கு அது தரைக்கு அழகு சேர்க்கும் மஞ்சள் பட்டை என்றுதான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

இதைப் பற்றி எங்கள் வார்டு அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதிக் கொண்டிருக்கிறேன். இனி நடைபாதை வேலை எதுவானாலும், ஒப்பந்தக்காரருக்குப் பில் பாஸ் ஆவதற்கு முன்னால் வெள்ளைத் தடி வைத்திருக்கும் ஒருவரை அந்தப் பாதையில் கடைசிவரை நடக்கச் சொல்ல வேண்டும், அதற்கு அவருக்கு உரிய கூலியும் கொடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். ஈரோட்டில் உங்கள் தெருவிலும் அந்த ஓடு இருந்தால், நீங்களும் அங்கே இப்படி ஒரு மனு கொடுங்கள்.

அன்புடன்