பேச வரும் என்பதால் மட்டும் போகலாமா?

அன்புள்ள ஐயா,

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எனக்கு நன்றாகப் பேச வரும், யாரிடமும் சட்டென்று பழகிவிடுவேன். அதனால் மக்கள் தொடர்புத் துறைக்குப் போ என்கிறார்கள். எனக்கும் ஆசைதான். பல நிறுவனங்களுக்கு மக்கள் தொடர்பு வேலை செய்துதரும் பி.ஆர். ஏஜென்சியில் சேர்வதா, ஒரு நிறுவனத்துக்குள்ளேயே வேலை தேடுவதா என்று குழப்பம். ‘காசு வாங்கிக்கொண்டு பொய் சொல்கிற வேலை’ என்று அண்ணன் கிண்டல் செய்கிறான். அதுவும் உறுத்துகிறது.

ம.

அன்புள்ள ம.,

பேச வருவது நல்லதுதான். ஆனால் ஆரம்பத்தில் உங்களை அதிகம் பேசவிட மாட்டார்கள், எழுதச் சொல்வார்கள். பத்திரிகைகளுக்கு அனுப்பும் செய்திக்குறிப்பு, தலைவருக்கு உரை, நிருபரின் கேள்விக்கு மாலைக்குள் போகவேண்டிய நான்கு வரி, காலைச் செய்திகளின் தொகுப்பு. நிருபர்கள் பலரும் செய்திக்குறிப்பின் இரண்டாம் பத்திக்கு வருவதே இல்லை. சொல்லவேண்டியது முதல் பத்தியிலேயே இருக்க வேண்டும். இதைக் கற்க நல்ல இடம் செய்தி அறை. விடுமுறையில் ஒரு பத்திரிகையில் பயிற்சிக்குச் சேர முடிந்தால் சேருங்கள்.

அண்ணன் சொல்வதை முழுக்கத் தள்ளிவிட முடியாது. 1929இல் நியூயார்க்கின் ஈஸ்டர் ஊர்வலத்தில் பெண்கள் சிலர் சிகரெட் பற்றவைத்தபடி நடந்தார்கள். பெண் விடுதலையின் அடையாளம் என்று அது செய்தியானது. ஏற்பாடு செய்தவர் மக்கள் தொடர்பு ஆலோசகர் எட்வர்ட் பெர்னேஸ் (உளவியல் அறிஞர் ஃபிராய்டின் தங்கை மகன்). பணம் கொடுத்தது ஒரு சிகரெட் நிறுவனம். அந்தப் பெண்கள் பிடித்தது உண்மையான சிகரெட்தான், நடந்ததும் உண்மையான ஊர்வலம்தான். யாருடைய காசு என்பதை மட்டும் மறைத்தார்கள்.

அவருக்கு முன்பே இந்தத் தொழிலில் ஐவி லீ இருந்தார். 1906இல் அட்லாண்டிக் சிட்டியில் பென்சில்வேனியா ரயில் நிறுவனத்தின் வண்டி பாலத்திலிருந்து தண்ணீரில் விழுந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்றைய நிறுவனங்கள் விபத்தென்றால் வாயை மூடிக்கொள்ளும். ரயில் நிறுவனத்துக்காக வேலை செய்த லீ நிருபர்களை விபத்து நடந்த இடத்துக்கே வரவழைத்தார், தகவல்களை எழுதிக் கொடுக்க வைத்தார். முதல் செய்திக்குறிப்பு என்று பலரும் சொல்வது அதைத்தான். அதே லீ 1930களில் ஜெர்மனியின் ஐஜி ஃபார்பென் என்ற ரசாயன நிறுவனத்துக்கு ஆலோசகராகப் போனார். நாஜி ஜெர்மனியின் பெயரை அமெரிக்காவில் எப்படிக் காப்பாற்றுவது என்பதும் அந்த ஆலோசனையில் அடக்கம். தொழில் தெரிந்த ஒருவரே இரண்டையும் செய்திருக்கிறார்.

1982இல் சிகாகோ பகுதியில் யாரோ டைலெனால் என்ற வலிநிவாரணி மாத்திரைகளில் சயனைடு கலந்துவிட, ஏழு பேர் இறந்தார்கள். தவறு தொழிற்சாலையில் நடக்கவில்லை. ஆனாலும் அதை விற்ற ஜான்சன் அண்ட் ஜான்சன் நாடு முழுவதும் சுமார் 3.1 கோடி பாட்டில்களைத் திரும்பப் பெற்றது. அதை இன்றும் மக்கள் தொடர்பு வகுப்புகளில் பாடமாக நடத்துகிறார்கள். அங்கே பெயரைக் காப்பாற்றியது அறிக்கையின் நடை அல்ல, திரும்பப் பெறும் முடிவு. மருந்தை அப்படியே கடையில் விட்டிருந்தால் எந்த அறிக்கையாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது.

ஏஜென்சியா, நிறுவனமா என்ற கேள்வியை இந்த இடத்திலிருந்துதான் பார்ப்பேன். ஏஜென்சியில் பல வாடிக்கையாளர்கள், பல துறைகள், ஓயாத நெருக்கடி. கை சீக்கிரம் பழகும். ஆனால் பெரும்பாலும் முடிவெடுத்த பிறகுதான் உங்களைக் கூப்பிடுவார்கள். நிறுவனத்துக்குள் வேலை மெதுவாக நகரும், ஒரே விஷயம் அலுக்கவும் செய்யும். ஆனால் முடிவெடுக்கும் மேசைக்குப் பக்கத்தில் இருக்கலாம், ‘இதைச் செய்தால் வெளியே இப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்’ என்று முன்கூட்டியே சொல்லலாம். முதல் இரண்டு மூன்று வருடம் ஏஜென்சி, பிறகு உள்ளே என்பது என் கட்சி. அரசுத் துறை, மருத்துவமனை, தொண்டு நிறுவனம், முதலீட்டாளர் தொடர்பு என்று வேறு கிளைகளும் உண்டு. அவற்றை இப்போதே முடிவு செய்ய வேண்டாம்.

நேர்காணலில் ஒன்று கேளுங்கள்: மக்கள் தொடர்புத் தலைவர் யாருக்குக் கீழே வேலை செய்கிறார்? விற்பனைப் பிரிவுக்கு என்றால் உங்களுக்குப் பெரும்பாலும் விளம்பர வேலைதான் வரும். நிர்வாக இயக்குநருக்கு என்றால், உங்கள் துறையின் பேச்சு காதில் விழ வாய்ப்பிருக்கிறது.

அதற்கு முன்னால், உங்கள் கல்லூரியில் அடுத்து நடக்கும் ஏதாவது ஒரு நிகழ்ச்சிக்குச் செய்திக்குறிப்பு எழுதி எனக்கு அனுப்புங்கள். அரைப் பக்கத்தைத் தாண்டக்கூடாது. ‘சிறப்பாக நடைபெற்றது’ என்று எழுதியிருந்தால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவேன்.