‘மரபணு நெல்’ என்று சொல்லி விதை விற்கிறார்களாம், நம்பலாமா?

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ‘மரபணு’ என்ற ஒரே சொல்லைச் சுற்றித்தான் இருந்தன. நெல், ஊசி மருந்து, பப்பாசி, எருமை என்று எல்லாவற்றுக்குள்ளும் அந்தச் சொல் புகுந்துவிட்டது. மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்திருக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டதால் எல்லாருக்கும் ஊர் மட்டும்தான்.

ஐயா, பெரும்போகத்துக்கு விதைநெல் தேடிக்கொண்டிருந்தபோது ஒருவர் வீட்டுக்கே வந்து, “இது மரபணு மாற்றின நெல், சாயாது, பூச்சி பிடிக்காது” என்று சொல்லி வழமையைப்போல் இரண்டு மடங்கு விலை கேட்டார். நாங்கள் விதைக்கும் பிஜி 300 கூட மரபணு நெல்தான் என்கிறார். உண்மையா? — கொக்கட்டிச்சோலை

வாங்கினீர்களா இல்லையா என்று எழுதவில்லையே தம்பி. வாங்கவில்லை என்றால் தப்பித்தீர்கள். மரபணு மாற்றிய நெல் எதுவும் இலங்கையில் விதைப்புக்கு விடப்படவில்லை. நெல் மட்டுமில்லை, வேறு எந்தப் பயிரும்தான். வந்தவர் தெரியாமல் சொன்னாரா தெரிந்தே சொன்னாரா என்பது அவருக்கே வெளிச்சம்.

பிஜி என்றால் பத்தலகொட. குருநாகல் பக்கம் உள்ள நெல் ஆராய்ச்சி நிலையம். ஏடி என்றால் அம்பலாந்தோட்டை. எண்ணில் வயது இருக்கிறது: 250 இரண்டரை மாதம், 300 மூன்று மாதம், 350 பக்கம் என்றால் மூன்றரை மாதம். 94-1 மாதிரியான பழைய பெயர்களுக்கு இந்தக் கணக்கு சரிவராது. இவை எல்லாமே ஒன்றோடொன்று கலந்து, தெரிந்தெடுத்து உண்டாக்கிய இனங்கள். ஆய்வுகூடத்தில் வேறொரு உயிரின் பரம்பரை அலகை (மரபணுவைப் பள்ளிக்கூடத்தில் அப்படித்தானே படித்தோம்) வெட்டி ஒட்டியவை அல்ல.

நெற்பூவைக் கிட்ட வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? குடலை வெடித்து கதிர் வந்த ஓரிரு நாளில், காலை ஒன்பது பத்து மணிக்கு வரம்பில் குந்தியிருந்து பாருங்கள். உமி இரண்டும் மெல்ல விரியும், உள்ளேயிருந்து வெளிர் மஞ்சளாக ஆறு மகரந்தப் பைகள் நூலில் தொங்குவதுபோல் வெளியே வரும், கொஞ்ச நேரத்தில் உமி திரும்பவும் மூடிக்கொள்ளும். அதற்குள் தன் மகரந்தம் தன் பூவுக்குள்ளேயே விழுந்து காரியம் முடிந்திருக்கும். பக்கத்து வயல் இனத்தோடு தானாகக் கலப்பது சாதாரணமாக நூற்றுக்கு ஒன்றுகூட வராது. அதனால் இரண்டு இனத்தைக் கலக்க வேண்டுமென்றால் மனிதக் கை வேண்டும். பூ விரிவதற்கு முதல்நாள் பின்னேரம் சின்னக் கத்தரிக்கோலால் உமியின் நுனியை வெட்டி, ஆறு பையையும் ஒன்றும் விடாமல் எடுத்து, காகித உறை மாட்டிவிட்டு, அடுத்தநாள் மற்ற இனத்தின் பூத்த கதிரைக் கொண்டுவந்து மேலே தட்டுவார்கள். அதில் பிடிப்பது சில மணிகள்தான். அதை விதைத்து, பிள்ளை, பேரன், பூட்டன் என்று தலைமுறை தலைமுறையாக வேண்டாததைக் கழித்து, ஒரே சீராக வரும்வரை எட்டுப் பத்து வருடம் போகும். 1958 இல் வந்த எச் 4 நெல்லின் தாய் தகப்பன் யார் தெரியுமா? ஒன்று இந்தோனேசியாவின் மாஸ், மற்றது முருங்கைக்காயன். பெயரைப் பாருங்கள், எங்கள் வட்டைக்குள் யாரோ ஒரு போடியார் வைத்த பெயர் மாதிரியே இல்லையா!

‘சாயாது’ என்பதற்கும் மரபணு மாற்றம் தேவையில்லை. அந்தக் குட்டைக் குணம் தாய்வானின் டீ-ஜியோ-வூ-ஜென் என்ற பழைய நெல்லில் இயற்கையாகவே இருந்தது. அதைக் கலந்துதான் 1966 இல் பிலிப்பைன்ஸில் ஐஆர் 8 வந்தது. அதற்கு முன் யூரியா போட்டால் நெல் உயர்ந்து கதிர்ப் பாரத்தில் படுத்துவிடும். ‘பூச்சி பிடிக்காது’ என்பதோ முழுப் பொய். ஒரு பூச்சிக்குத் தாங்கும் நெல் இருக்கலாம், எல்லாப் பூச்சிக்கும் தாங்கும் நெல் உலகத்திலேயே இல்லை. அறக்கொட்டி என்ற சாறு உறிஞ்சும் பூச்சிக்குத் தாக்குப்பிடிக்கும் குணத்துக்காக உலகத்து ஆராய்ச்சியாளர்கள் தேடிப் பிடித்தது எங்கள் நாட்டுப் பழைய நெல்லான ரத்து ஹீனட்டியைத்தான். அதையும் யாரும் இரட்டை விலைக்கு வீடு தேடிக் கொண்டுவருவதில்லை.

நெல் தன்னைத்தானே கருக்கட்டுவதால் உங்கள் வயல் நெல்லையே அடுத்த போகத்துக்கு விதைக்கு எடுக்கலாம், இனம் கெடாது. கெடுப்பது கலப்படம்தான். ஒருமுறை நானே நல்ல விதை என்று நம்பி வாங்கி விதைத்து, அறுவடைக்கு முன் பார்த்தால் வயல் முழுக்க ஒரு முழம் உயர்ந்து நிற்கிறது வேறொன்று. கையை வைத்தவுடன் மணி பொலபொலவென்று கொட்டியது. களை நெல்! அறுவடைக்கு முன்பே கொட்டி, மண்ணுக்குள் உறங்கிக் கிடந்து, அடுத்தடுத்த போகங்களில் முளைக்கும். விற்றவரிடம் போனால், “வெட்டுமெசினால வந்திருக்கும் ஐயா” என்றார். மெசினாலும் வருவது உண்மைதான், ஆனால் எனக்கு வந்தது அவருடைய சாக்கிலிருந்து. அன்று முதல் விதைக்கென்று ஒதுக்கும் வரவையில் கதிர் வந்த பிறகு இரண்டு தரம் இறங்கி, உயர்ந்து நிற்பதையெல்லாம் வேரோடு பிடுங்குகிறேன். மெசின் வந்தால் வயலுக்குள் இறக்க முன் உள்ளே கிடக்கும் நெல்லைத் தட்டிக் கொட்டச் சொல்லுங்கள். டிறைவர் முறைப்பார், பரவாயில்லை.

சேர், உம்மாவுக்குச் சீனி வருத்தம். இப்போது இன்சுலின் ஊசிக்கு மாற்றியிருக்கிறார்கள். அது பன்றியிலிருந்து எடுப்பது என்று பக்கத்து வீட்டில் யாரோ சொல்லிவிட்டார்கள், அன்றிலிருந்து உம்மா ஊசி போட மறுக்கிறா. — காத்தான்குடி

முதல் வேலையாக இதை உம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள் தங்கச்சி. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது பொய் இல்லை, பழைய கதை. 1920களில் இன்சுலின் மருந்தாக வந்த நாளிலிருந்து அறுபது வருடம்போல மாட்டின் சதையியிலிருந்தும் பன்றியின் சதையியிலிருந்தும்தான் எடுத்தார்கள். கால் கிலோவுக்கும் குறைந்த இன்சுலினுக்கு இரண்டு தொன்னுக்கு மேல் பன்றி உறுப்பு தேவைப்பட்டதாம். மனித இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள், பன்றியினுடையது அதில் ஒன்றில் மட்டும் வித்தியாசம், மாட்டினுடையது மூன்றில்.

1978 இல் அமெரிக்காவில் இதை மாற்றினார்கள். மனித இன்சுலினைச் செய்யும் கட்டளையை ஒரு பற்றீரியாவுக்குள் வைத்து, அதைத் தொட்டியில் பெருக்கி, அதுவே இன்சுலினைச் செய்யும்படி விட்டார்கள். 1982 இல் அது அங்கே விற்பனைக்கு அனுமதி பெற்றது. மரபணு மாற்றத்தால் செய்து மனிதருக்குப் போட்ட முதல் மருந்தே அதுதான். இன்று உலகம் முழுக்கப் பெரும்பாலும் இப்படிப் பற்றீரியாவிலோ ஈஸ்டிலோ செய்ததுதான் கிடைக்கிறது. பெட்டியை எடுத்துப் பாருங்கள், ‘ஹியூமன்’ என்றோ ‘ஆர்டிஎன்ஏ’ என்றோ சின்ன எழுத்தில் இருக்கும். விளங்காவிட்டால் பெட்டியோடு கிளினிக்குக்குப் போய்க் கேளுங்கள். மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை, அதே பெட்டியை மௌலவியிடமும் காட்டுங்கள். ஆனால் இதெல்லாம் முடியும்வரை ஊசியை நிறுத்திவைக்க வேண்டாம், இன்றைய ஊசியை இன்றைக்கே போட வையுங்கள்.

சீஸ் கட்டியும் இதே கதைதான். பாலை உறைய வைக்கும் நொதியத்தை முன்பு கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்தார்கள், 1990 இலிருந்து பூஞ்சணமும் பற்றீரியாவும் அதைச் செய்து தருகின்றன. பேரப்பிள்ளைக்கு இரண்டாம், நான்காம், ஆறாம் மாதங்களில் கிளினிக்கில் போடும் ஊசியில் உள்ள மஞ்சட்காமாலை பி தடுப்பு மருந்தும் மரபணு மாற்றிய ஈஸ்டின் வேலைதான். மரபணு மாற்றம் வீட்டுக்குள் எப்போதோ வந்துவிட்டது, வயலுக்குள்தான் வரவில்லை.

கடையில் வாங்கிய ரெட் லேடி பப்பாசியின் விதையைப் போட்டு 12 கன்று வைத்தேன். 5 கன்று ஆண் மரமாகிவிட்டது, மிச்சத்தில் காய்த்த பழம் ஒன்றும் அந்த ருசி இல்லை. மரபணு மாற்றிய பழம் என்பதால்தானே இப்படி? — கல்முனை

இல்லை. ரெட் லேடி தாய்வானில் உண்டாக்கிய கலப்பினம். வேறு வேறான இரண்டு பெற்றோர் வழியைக் கலந்து எடுத்த முதல் தலைமுறை விதை அது. அந்த ஒரு தலைமுறைதான் ஒரே சீராக இருக்கும். அதன் பழத்தில் எடுக்கும் விதையில் பாட்டன் பாட்டி குணமெல்லாம் பிரிந்து ஒவ்வொரு கன்றும் ஒவ்வொரு மாதிரி வரும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்தது அந்த 5 ஆண் மரம். ரெட் லேடிக்குள் ஆண் மரமே கிடையாது, பாதி பெண் மரம், பாதி இருபால் மரம். அப்படியென்றால் உங்கள் பழத்துக்குத் தகப்பன் ரெட் லேடி இல்லை, அந்தத் தோட்டத்துக்குப் பக்கத்தில் எங்கேயோ நீளக் காம்பில் பூவைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்ற நாட்டுப் பப்பாசிதான்! ஆண் மரத்தில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை வெட்டுங்கள். மரபணு மாற்றிய பப்பாசி என்று ஒன்று இருக்கிறதுதான். வளையப்புள்ளி வைரசு தோட்டங்களை அழித்தபோது ஹவாயில் 1998 இல் நடத் தொடங்கினார்கள், அந்த வைரசின் ஒரு துண்டையே மரத்துக்குள் வைத்து, அம்மை குத்துவது மாதிரி. அது உங்கள் கல்முனைக் கடைக்கு வந்ததல்ல.

எங்கள் எருமைப் பட்டியில் முரா இனக் கலப்புக் கடா ஒன்று ஏழெட்டு வருடமாக நிற்கிறது. முதலில் நல்ல கன்றுகள் போட்டது. இப்போது கன்றுகள் சிறுத்து, சில சாகின்றன. கலப்பு இனம் என்றால் இப்படித்தானா? — கிரான்

கலப்பைக் குற்றம் சொல்லாதீர்கள். கணக்கைப் பாருங்கள்: அந்தக் கடாவின் முதல் நாகுகள் மூன்று நாலு வருடத்தில் பருவத்துக்கு வந்திருக்கும். அதற்குப் பிறகு அந்தக் கடா தன் பிள்ளைகளோடுதான் சேர்ந்துகொண்டிருக்கிறது. தகப்பனும் மகளும் சேர்ந்து பிறக்கும் கன்றில் காற்பங்கு பரம்பரை அலகுகள் இரண்டு பக்கமும் ஒரே பிரதியாக அமைந்துவிடும். மறைந்து கிடந்த கெட்ட குணமெல்லாம் அப்போதுதான் தலைகாட்டும். கலியாணத்துக்குச் சாதகம் பார்க்கிற நாங்கள் எருமைக்குப் பார்ப்பதில்லை. மச்சாளைக் கட்டியவர்கள் பயந்துவிட வேண்டாம், அங்கே அது பதினாறில் ஒரு பங்குதான்.

மூன்று நாலு வருடத்துக்கு ஒருமுறை கடாவை மாற்றுங்கள். வாகரைப் பக்கம் தூரத்துப் பட்டிக்காரர் யாரோடாவது மாற்றிக்கொண்டால் காசும் செலவில்லை. கடா வாங்கும்போது அதன் கொம்பையும் உடம்பையும் பார்த்து மயங்காதீர்கள், தயிர்ச்சட்டி நிறைய வேண்டுமென்றால் அதன் தாய் எவ்வளவு கறந்தது என்று கேளுங்கள், முடிந்தால் அதன் மகள்களையும் பாருங்கள். கால்நடை வைத்தியர் அலுவலகத்தில் சினை ஊசி கேட்டால் அதிலும் இதே கணக்குத்தான்.

இன்னொன்று, கன்று சாவதெல்லாம் இதனால்தான் என்று நான் சொல்லவில்லை. எருமைக் கன்றுக்குத் தாய்ப்பாலோடு சேர்ந்தே வட்டப்புழு இறங்கும். பிறந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் பூச்சி மருந்து கொடுத்தீர்களா? அதை முதலில் செய்யுங்கள், மறுகா கடாவைப் பார்க்கலாம்.

பாடசாலை விவாதப் போட்டியில் ‘மரபணு மாற்றப் பயிர் நன்மையே’ என்று பேச வேண்டும். நல்ல குறிப்புகள் தாருங்கள் சேர். — அக்கரைப்பற்று

எதிரணிக்கும் உதவும் குறிப்புத்தான் தருவேன், பரவாயில்லையா மகன்? கத்தரியை எடுத்துக்கொள்ளுங்கள். தண்டையும் காயையும் துளைக்கும் புழுவுக்கு எங்கள் தோட்டக்காரர்கள் எத்தனை தரம் மருந்து அடிக்கிறார்கள் என்று பக்கத்தில் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள், அதுவே உங்கள் முதல் குறிப்பு. ஒரு மண் பற்றீரியாவின் பரம்பரை அலகை வைத்து, அந்தப் புழு தின்றால் சாகும் கத்தரியை உண்டாக்கினார்கள். இந்தியா 2010 இல் அதை நிறுத்திவைத்தது. பங்களாதேசம் 2014 இல் 20 விவசாயிகளுக்குக் கன்று கொடுத்து ஆரம்பித்தது. கத்தரி ஒன்றுதான், எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு தீர்ப்பு, அந்தப் பக்கம் ஒரு தீர்ப்பு. இந்தியப் பருத்தியில் 2002 இலிருந்து இதே உத்தி இருக்கிறது, முதலில் மருந்தடிப்பு குறைந்தது, பிறகு இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதற்குப் பழகிக்கொண்டது. விற்றமின் ஏக்காக உண்டாக்கிய பொன்னரிசி 2000 இல் பேசப்பட்டது, பிலிப்பைன்ஸ் 2021 இல்தான் விதைக்க அனுமதித்தது, 2024 இல் நீதிமன்றம் அதையும் நிறுத்தியது.

என் கருத்தைக் கேட்டால், ‘மரபணு மாற்றம் நல்லதா’ என்ற கேள்வியே பிழை. கத்தி நல்லதா என்று கேட்பது மாதிரி. இந்தக் கத்தரி, இந்தப் பருத்தி என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும், விதை யார் கையில் இருக்கிறது, அடுத்த போகத்துக்கு நான் எடுத்து வைக்கலாமா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். நடுவர் இதற்குப் புள்ளி தருவாரோ தெரியாது.

விதையில்லாத வத்தகைக்கும் விதை விற்கிறார்களே, அது எப்படி? ஊசி போட்டுச் செய்வதாமே? — திருக்கோவில்

ஊசியுமில்லை, மரபணு மாற்றமுமில்லை. சாதாரண வத்தகையில் 22 நிறமூர்த்தம் (பரம்பரை அலகுகள் கோத்திருக்கும் இழைகள்). ஒரு மருந்தால் அதை 44 ஆக்கிய செடியையும் சாதாரணச் செடியையும் கலந்தால் 33 வரும். 33ஐ இரண்டாகப் பிரிக்க முடியாதே, அதனால் விதை முற்றுவதில்லை, வெள்ளைத் தோலாக நின்றுவிடும். நீங்கள் வாங்குவது அந்த 33 விதை. நடுவதானால் இடையிடையே விதையுள்ள வத்தகை ஒரு வரிசை போடுங்கள், இதன் மகரந்தம் எதற்கும் உதவாது, பக்கத்துச் செடியின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவராவிட்டால் காயே பிடிக்காது.