தோள் இறங்கிய பையனுக்கு எத்தனை நாள் கட்டு?

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. போன வாரம் கபடியில் வலது தோள் இறங்கிவிட்டது. அன்றைக்கே ஆஸ்பத்திரியில் மூட்டை ஏற்றி, கையைக் கழுத்தில் தொங்கவிடும் ஸ்லிங் மாட்டி, மூன்று வாரம் இருக்கச் சொன்னார்கள். ஊரில் கட்டுப் போடுபவர், 45 நாள் இறுக்கிக் கட்டினால்தான் நிற்கும் என்கிறார். கையை வெளிப்பக்கம் திருப்பி வைக்கும் பிரேஸ்தான் நல்லது என்று யூடியூபில் பார்த்துவிட்டு என் தம்பி சொல்கிறான். பையனோ தை மாதம் பாலமேட்டில் மாடு பிடிக்கணும் என்று நிற்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?
— ஒரு தாய், மேலூர்

பதில்: அம்மா, ஆஸ்பத்திரியில் சொன்னதையே கேளுங்கள். ஸ்லிங் போதும். மூன்று வாரத்துக்கு மேல் அதுவும் வேண்டாம்.

தோளில் குழி ஆழம் குறைவு. பானைக்குப் பிரிமணை மாதிரி, அந்தக் குழியின் விளிம்பில் லேப்ரம் என்ற வளையம் இருக்கிறது. மூட்டு முன்பக்கமாக நழுவும்போது இது எலும்பிலிருந்து பிய்ந்துவிடுகிறது. மூட்டை ஏற்றிய பிறகும் அது பழைய இடத்தில் ஒட்டும் என்பதற்கு உறுதியில்லை. 'இளவயசு, சீக்கிரம் கூடிவிடும்' என்பது எலும்பு முறிவுக்குச் சரி. இங்கே கணக்கு தலைகீழ்: இருபது வயதுக்குள் இறங்கிய தோள், பாதிப் பேருக்கு மேல் மறுபடி இறங்குகிறது.

கட்டும் நாளைக் கூட்டினால் இது மாறுமா? ஸ்வீடனில் ஹோவேலியஸ் என்ற மருத்துவர், 3, 4 வாரம் கட்டியவர்களையும் சீக்கிரமே கையை அசைக்க விட்டவர்களையும் 25 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார். மறுபடி இறங்கியதில் வித்தியாசமே இல்லை. 45 நாள் கட்டினால் மிஞ்சுவது விறைத்த தோள்தான்.

உங்கள் தம்பி சொல்வது வெறும் கதையல்ல. கையை வெளிப்பக்கம் திருப்பினால் முன்பக்கத் தசை இறுகி, பிய்ந்த வளையத்தை எலும்போடு அழுத்தும். ஜப்பானில் இடோய் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான ஸ்லிங் போட்டவர்களில் 42 சதவீதம் பேருக்கு மறுபடி இறங்கியது. வெளிப்பக்கம் கட்டியவர்களில் 26 சதவீதம். ஆனால் பிறகு மற்ற நாடுகளில் செய்த பல ஆய்வுகளில் அந்தப் பலன் தெரியவில்லை. அதோடு, கையை அப்படி நீட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறவும் முடியாது, புரண்டு படுக்கவும் முடியாது. பையன்கள் நாலு நாளில் கழற்றி வைத்துவிடுவார்கள். அதற்குப் பணம் செலவழிக்க நான் சொல்லமாட்டேன்.

ஸ்லிங்கில் இருக்கும்போதே விரல், மணிக்கட்டு, முழங்கையை அசைக்கட்டும். குளிக்கும்போது கழற்றலாம், முன்னால் குனிந்து கையைத் தொங்கவிட்டு அக்குளைக் கழுவச் சொல்லுங்கள். எண்ணெய் போட்டு உருவ வேண்டாம். மூன்று வாரம் முடிந்ததும் பிசியோதெரபி. தோளின் வெளிப்பக்கத்தில் தொட்டால் மரத்திருந்தாலோ, கையைப் பக்கவாட்டில் தூக்க வரவில்லை என்றாலோ அதுவரை காத்திருக்காமல் உடனே காட்டுங்கள், நரம்பு அடிபட்டிருக்கலாம்.

பாலமேடு இந்தத் தையில் கிடையாது. திமிலைத் தழுவும்போது கை நீண்டு விரிந்திருக்க, மாடு அதை இழுத்துக்கொண்டு ஓடும். தோள் இறங்குவதற்கு அதைவிட வசதியான நிலை வேறு இல்லை. கபடிக்கும் குறைந்தது மூன்று, நான்கு மாதம் ஆகும்; இரண்டு தோளும் ஒரே பலத்துக்கு வந்த பிறகே களத்தில் இறங்க வேண்டும்.

கபடியை விடமாட்டான் என்றால் ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்து, பிய்ந்த வளையத்தைத் துளை வழியாகத் தைக்கும் அறுவை சிகிச்சை பற்றி இப்போதே எலும்பு மருத்துவரிடம் பேசுங்கள். இந்த வயதில், இந்த ஆட்டத்தில், இன்னொரு முறை இறங்கட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. அறுவை செய்தாலும் களத்துக்குத் திரும்ப ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும் என்பதை அவனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.